ஃபியூஸ் கட்டையும் நீதிபதி நாற்காலியும்

1993 மே 11. மக்களவையில் வாக்கெடுப்பு முடிந்தது. தீர்மானத்துக்கு ஆதரவு 196. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. தீர்மானம் தோற்றது.

வகுப்புத் தலைவர் தேர்தலில் கை தூக்கிய பிள்ளைக்குக்கூட இந்தக் கணக்கு இடிக்கும். விடை மீதிப்பேரிடம் இருக்கிறது. அவையில் இருந்த 205 பேர், ஆளும் காங்கிரசும் அதன் தோழமைக் கட்சியினரும், எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்க அரசியலமைப்பின் 124ஆம் பிரிவு இரண்டு தடைகளை வைத்திருக்கிறது. வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களும் ஆதரிக்க வேண்டும். முதல் தடையை அன்றைய தீர்மானம் நூற்றுக்கு நூறு வாங்கித் தாண்டியது. இரண்டாவதைத் தாண்ட 270க்கு மேல் கை உயர்ந்திருக்க வேண்டும். சும்மா இருந்தே ஒரு தீர்மானத்தைச் சாய்க்கலாம் என்று நாடு அன்று தெரிந்துகொண்டது.

தீர்மானம் நீதிபதி வி. ராமசாமி மீது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். பிறகு பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. 1989இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். சண்டிகரில் இருந்தபோது அரசு இல்லத்துக்கும் அதன் சாமான்களுக்கும் பொதுப்பணத்தை வரம்பு மீறிச் செலவிட்டார் என்பது குற்றச்சாட்டின் மையம். நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலான மூவர் குழு 14 குற்றச்சாட்டுகளை விசாரித்து, 11 நிரூபணமாயின என்று சொன்னது. அப்படிச் சொன்ன பிறகுதான் அந்த 205 மௌனங்கள். ராமசாமி 1994 பிப்ரவரியில் வயது வரம்பை எட்டி ஓய்வு பெற்றார்.

எங்கள் பழைய வீட்டுத் திண்ணையில் மெயின் போர்டு இருந்தது. வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை, நடுவே தலைமுடி போல ஒரு கம்பி. மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடினால் கம்பி உருகிவிடும், வீடு இருட்டாகும். அலுத்துப்போய் ஒருநாள் அப்பா அதில் தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றினார். அதற்குப் பிறகு ஃபியூஸ் போகவே இல்லை. ஒரு மழைக்கால இரவில் சுவருக்குள் ஒயர் கருகும் வாடை வந்தது. ஃபியூஸ் மட்டும் கெட்டியாக இருந்தது.

நீதிபதிகள் மீதான புகாரை நாடுகள் எப்படிக் கையாளுகின்றன என்பதை இந்தக் கட்டையை வைத்தே புரிந்துகொள்ளலாம். கம்பி மெல்லியதாக இருந்தால், தீர்ப்பு பிடிக்காத அரசியல்வாதி ஊதினாலே நீதிபதி போய்விடுவார். தடித்திருந்தால், உள்ளே எது கருகினாலும் போகமாட்டார். தவறு செய்யாதவரைத் தண்டிப்பது ஒரு பிழை, தவறு செய்தவரைத் தப்பவிடுவது மற்றொரு பிழை. ஒரே கம்பியை வைத்துக்கொண்டு இரண்டையும் தடுக்க முடியாது. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும்.

கம்பியைத் தடிக்க வைத்ததற்கு நல்ல காரணம் உண்டு. 1616இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் மன்னர், தம் விருப்பத்துக்கு வளையாத தலைமை நீதிபதி எட்வர்ட் கோக்கைப் பதவியிலிருந்து தூக்கினார். மன்னருக்குப் பிடிக்கும்வரைதான் நீதிபதி என்பது அன்றைய நிலை. 1701இல் வந்த சட்டம் அதை மாற்றியது. ஒழுங்காக நடந்துகொள்ளும்வரை நீதிபதி நீதிபதியே, நீக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கேட்க வேண்டும் என்றது. அந்த வழியில் நீக்கப்பட்டவர் ஒரே ஒருவர். வழக்காடிகளின் பணத்தைக் கையாடிய சர் ஜோனா பாரிங்டன், அயர்லாந்தின் கடல்சார் நீதிமன்ற நீதிபதி, 1830இல். நீக்கத்துக்கு ‘நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை அல்லது இயலாமை’ வேண்டும் என்ற சொற்கள் 1901ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அரசியலமைப்பில் ஏறின. 1950இல் நம் அரசியலமைப்பிலும் அதே சொற்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அரசியலமைப்பு நடைமுறைக்கு வருவதற்கு ஒன்பது மாதம் முன்பு, 1949 ஏப்ரலில், அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.பி. சின்ஹா பதவி நீக்கம் செய்யப்பட்டார். பழைய 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி ஃபெடரல் நீதிமன்றம் விசாரித்து அறிக்கை கொடுத்தது. ஆணை பிறப்பித்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. நாடாளுமன்ற வாக்கெடுப்பு எதுவும் இல்லை. அதற்குப் பின் அரசியலமைப்புக்கு 75 வயது நிறைந்த 2025 ஜனவரி வரை, புதிய முறைப்படி ஒரே ஒரு உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகூட நீக்கப்படவில்லை.

நெருங்கி வந்ததுண்டு. 2011 ஆகஸ்ட் 18 அன்று கொல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென்னை நீக்கும் தீர்மானம் மாநிலங்களவையில் 189 வாக்குகளுடன் நிறைவேறியது. வழக்கறிஞராக இருந்த காலத்தில், நீதிமன்றம் நம்பி ஒப்படைத்த சுமார் 33 லட்ச ரூபாயைத் தவறாகக் கையாண்டார் என்பது புகார். மக்களவையில் விவாதம் தொடங்குமுன் செப்டம்பர் 1 அன்று ராஜினாமா செய்தார். கதை முடிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, திருவள்ளூர் மாவட்ட நில விவகாரம் உட்படப் பல குற்றச்சாட்டுகளை எதிர்கொண்டிருந்த நீதிபதி பி.டி. தினகரன், விசாரணைக் குழு தன் வேலையை முடிக்குமுன்பே விலகினார். அந்தக் குற்றச்சாட்டுகள் உண்மையா பொய்யா என்று அந்த விசாரணை சொல்லாமலே போயிற்று. ராஜினாமாக் கடிதம் ஒரு நல்ல கதவு. உள்ளே இருந்து திறக்கலாம், வெளியே இருப்பவர்களால் மூட முடியாது.

எந்திரம் வேலை செய்யும் விதத்தையும் பார்த்துவிடலாம். 1968ஆம் ஆண்டு நீதிபதிகள் விசாரணைச் சட்டப்படி மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்திட வேண்டும். சபாநாயகரோ அவைத் தலைவரோ அதை ஏற்கலாம், தள்ளலாம். ஏற்றால் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஒருவர், சட்ட அறிஞர் ஒருவர் என மூவர் குழு. குற்றம் நிரூபணமானால் இரு அவைகளிலும் வாக்கெடுப்பு. பிறகு குடியரசுத் தலைவரின் ஆணை.

இப்போது ஒரு சாதாரண ஆளை நினைத்துப் பாருங்கள். ஒரு நீதிபதி தம் உறவினர் சம்பந்தப்பட்ட வழக்கை மறைத்து விசாரித்தார் என்று அவரிடம் ஆதாரம் இருக்கிறது. அல்லது திறந்த நீதிமன்றத்தில் ஒரு பெண் சாட்சியைச் சாதி சொல்லி அவமானப்படுத்தியதைக் கண்ணால் பார்த்தார். அவர் 100 எம்.பி.க்களை எங்கே போய்த் தேடுவார்? முதல் தவறு பதவி நீக்கத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். இரண்டாவதற்கு ஒரு கண்டிப்பு, ஒரு பயிற்சி, சில மாதம் பெஞ்சில் உட்காராமை போதும். சட்டத்தில் அந்தச் சில்லறைத் தண்டனைகளே இல்லை. ஒன்று தலை, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

இந்த இடைவெளியை உச்ச நீதிமன்றமே கவனித்தது. 1995இல் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஏ.எம். பட்டாச்சார்ஜி மீது எழுந்த சர்ச்சையில், மோசமான நடத்தைக்கும் பதவி நீக்கத்துக்குரிய நடத்தைக்கும் நடுவே ஆளில்லாத நிலம் கிடக்கிறது என்ற பொருளில் பேசி, அதை நீதித்துறை தானே நிரப்பிக்கொள்ளலாம் என்றது. 1997இல் நீதிபதிகளுக்கான 16 ஒழுக்க நெறிகள் வகுக்கப்பட்டன. 1999 டிசம்பரில் உள்விசாரணை முறை ஏற்கப்பட்டது. சட்ட வட்டாரத்தில் ‘இன்-ஹவுஸ்’ என்றே சொல்வார்கள். உயர் நீதிமன்ற நீதிபதி மீது புகார் வந்தால் அங்குள்ள தலைமை நீதிபதி பார்ப்பார். வெறும் வயிற்றெரிச்சல் என்றால் ஃபைல் மூடப்படும். சாரம் இருந்தால் சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்டு, இந்தியத் தலைமை நீதிபதிக்கு அனுப்புவார். அவர் வேறு உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகள் இருவர், நீதிபதி ஒருவர் கொண்ட குழுவை அமைப்பார். குற்றம் பெரியதென்று அறிக்கை வந்தால், விலகிவிடுங்கள் என்று ஆலோசனை. விலக மறுத்தால் அவருக்கு வழக்கு ஒதுக்கப்படாது. விவரம் குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் போகும். குற்றம் சிறியதென்றால் கூப்பிட்டு அறிவுரை.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் சமையலறையில் என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது. புகார் கொடுத்தவர் விசாரணையில் ஒரு தரப்பு அல்ல. அறிக்கை அவருக்குக் கிடைத்தாக வேண்டும் என்ற விதி இல்லை. இந்தியத் தலைமை நீதிபதி மீதே புகார் வந்தால் யார் விசாரிப்பது என்றும் அந்த முறையில் எழுதப்படவில்லை. 2019இல் அந்தச் சோதனை வந்தது. நீதிமன்றத்தின் முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் அப்போதைய தலைமை நீதிபதி மீது பாலியல் புகார் சொன்னார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மூவர் விசாரித்தார்கள். தமக்கு வழக்கறிஞர் துணை மறுக்கப்பட்டது என்று சொல்லி அந்தப் பெண் நடுவிலேயே விலகினார். புகாரில் சாரமில்லை என்று குழு முடிவு சொன்னது. அறிக்கை வெளியிடப்படவில்லை. முடிவு சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சரியென்று நம்ப ஊருக்கு என்ன ஆதாரம்? புகாருக்கு ஆளான நீதிபதிக்கும் இதில் நஷ்டம்தான். மூடிய அறையிலிருந்து வந்த நற்சான்று சந்தேகத்தைத் துடைப்பதில்லை.

2025இல் காற்று சற்றுத் திரும்பியது. மார்ச் 14 இரவு டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி யஷ்வந்த் வர்மாவின் அரசு இல்ல வளாகத்தில் தீ. அணைக்கப் போனவர்கள் கண்டது கருகிய ரூபாய் நோட்டுகளை. அந்தப் பணம் தம்முடையதல்ல என்று அவர் மறுத்தார். எட்டு நாளில் உச்ச நீதிமன்றம் அதுவரை செய்யாததைச் செய்தது. ஆவணங்களையும், நோட்டுகள் எரியும் வீடியோவையும், நீதிபதியின் மறுப்பையும் சேர்த்துத் தன் இணையதளத்தில் போட்டது. உள்விசாரணைக் குழு அவருக்கு எதிராக அறிக்கை கொடுத்தது. ஆகஸ்டில் சபாநாயகர் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி மூவர் குழு அமைத்தார். அதில் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி. ஆனாலும் அந்த வெளிப்படைத்தன்மை ஒரு தலைமை நீதிபதியின் தனி முடிவு. எழுதி வைத்த விதி அல்ல.

சரி, கம்பியை மெல்லியதாக்கிவிட்டால்? பாக் நீரிணையைத் தாண்டினால் விடை இருக்கிறது. இலங்கையின் முதல் பெண் தலைமை நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க. 2012இல் அரசு கொண்டுவந்த ‘திவிநெகும’ சட்டமூலத்தில் உச்ச நீதிமன்றம் குறுக்கே நின்ற கையோடு, நவம்பரில் ஆளும் தரப்பு எம்.பி.க்கள் 117 பேர் 14 குற்றச்சாட்டுகளைச் சுமத்தினார்கள். விசாரித்தது 11 எம்.பி.க்கள் கொண்ட தெரிவுக்குழு. அதில் 7 பேர் ஆளும் தரப்பு. குற்றம் சாட்டிய கட்சியே தீர்ப்பும் சொன்னது. தமக்கு நியாயமான விசாரணை இல்லை என்று தலைமை நீதியரசர் வெளியேறினார், எதிர்க்கட்சி உறுப்பினர்களும் வெளியேறினார்கள். இப்படியொரு குழு விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் அதைக் காதில் வாங்காமல் 2013 ஜனவரி 11 அன்று 155க்கு 49 என்று நிறைவேற்றியது. இரண்டரை மாதத்துக்குள் எல்லாம் முடிந்தது. 2015இல் ஆட்சி மாறியதும் அவர் திரும்பப் பதவியேற்று, மறுநாளே ஓய்வு பெற்றார். அவரை அடுத்துத் தலைமை நீதியரசரானவர் தமிழரான கே. ஸ்ரீபவன்.

டெல்லியில் 1993, கொழும்பில் 2013. ஒன்று போகாத ஃபியூஸ், மற்றது ஊதினால் போன ஃபியூஸ். இரண்டிலும் ஒரு பொது அம்சம் உண்டு. கடைசிச் சுவிட்ச் கட்சிக் கொறடாக்களின் கையில் இருந்தது.

இன்னொரு மெல்லிய கம்பி நம் ஊரிலேயே இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. மாவட்ட நீதிபதி, சார்பு நீதிபதி, முன்சீப் ஆகியோர் அரசியலமைப்பின் 235ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் வருகிறார்கள். அவர்கள் மீது விஜிலென்ஸ் விசாரணை நடக்கும். மெமோ வரும், சஸ்பென்ஷன் வரும், கட்டாய ஓய்வும் வரும். ஜாமீன் கிடைக்காத கோபத்தில் யாரோ எழுதிப் போடும் மொட்டைக் கடுதாசி ஒரு நீதிபதியின் பதவி உயர்வையே கெடுக்கலாம். அதற்குப் பயந்து, கொடுக்க வேண்டிய ஜாமீனைக் கொடுக்காமல் ‘மேலே பார்த்துக்கொள்ளட்டும்’ என்று தள்ளிவிடும் மனநிலை வரும் என்று உச்ச நீதிமன்றமே எச்சரித்திருக்கிறது. ஆக ஒரே நீதித்துறையில் மாடிக்குத் தடித்த கம்பி, தரைத்தளத்துக்கு மெல்லிய கம்பி.

இப்போது வீடுகளில் பீங்கான் கட்டை இல்லை. வரிசையாகச் சின்னச் சின்ன எம்.சி.பி. சமையலறையில் பழுதென்றால் சமையலறை மட்டும் அணையும். வீடு முழுக்க இருட்டாக வேண்டியதில்லை. நீதிபதிகள் விஷயத்தில் இந்த யோசனை முதலில் வந்தது கலிஃபோர்னியாவில். 1960இல் அந்த மாநிலம் நீதிபதிகள் மீதான புகாருக்கென்றே நிரந்தர ஆணையம் ஒன்றை அமைத்தது. அமெரிக்காவில் அதுதான் முதல். 1981க்குள் ஐம்பது மாநிலங்களும் அதைப் பின்பற்றின. தனிப்பட்ட எச்சரிக்கை, பகிரங்க எச்சரிக்கை, கண்டனம், பதவி நீக்கம் என்று தண்டனைக்குப் படிகள் உண்டு. 1994இல் மக்கள் வாக்கெடுப்பு இன்னொரு படி போயிற்று. ஆணையத்தின் 11 பேரில் நீதிபதிகள் 3, வழக்கறிஞர்கள் 2, மீதி 6 பேர் பொதுமக்கள். பள்ளி ஆசிரியரோ கடைக்காரரோ உட்கார்ந்து நீதிபதியைக் கேள்வி கேட்கலாம். வானம் இடிந்து விழவில்லை.

இங்கிலாந்தில் இதற்குத் தனி அலுவலகம் இருக்கிறது. புகாரை இணையத்திலேயே கொடுக்கலாம். முறையான அறிவுரை, எச்சரிக்கை, கண்டனம், நீக்கம் எனப் படிகள். தண்டிக்கப்பட்ட நீதிபதியின் பெயரும் காரணமும் வெளியிடப்படும். 2015 மார்ச்சில் அலுவலகக் கணினியில் ஆபாசப் படம் பார்த்ததற்காக மூன்று நீதிபதிகள் நீக்கப்பட்டதை ஊரே படித்தது. அங்கும் உயர் நீதிமன்ற நீதிபதிகளையும் அவர்களுக்கு மேலே உள்ளவர்களையும் நீக்க 1701இன் பழைய பூட்டுத்தான். மெயின் ஃபியூஸைத் தொடவில்லை. அதற்குக் கீழே சின்ன எம்.சி.பி.களை வைத்தார்கள்.

இந்த அலுவலகங்கள் எல்லாவற்றிலும் ஒரே அனுபவம். வரும் புகார்களில் பெரும்பாலானவை நடத்தையைப் பற்றியவை அல்ல, தீர்ப்பைப் பற்றியவை. நீதிமன்றத்துக்குப் போகும் இருவரில் ஒருவர் தோற்றே தீருவார். தோற்றவருக்கு நீதிபதி விலை போய்விட்டார் என்று தோன்றுவதும் இயல்பு. தப்பான தீர்ப்புக்கு மருந்து மேல்முறையீடு, தப்பான நடத்தைக்கு மருந்து புகார். இரண்டையும் முதல் படியிலேயே பிரித்துவிட்டால், நல்ல நீதிபதி நிம்மதியாக இருப்பார், நல்ல புகாரும் குப்பையில் புதையாது. பிரிக்கும் வேலை முடியும்வரை பெயர் வெளிவரக் கூடாது. முகாந்திரம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு மறைக்கக் கூடாது. தள்ளுபடி செய்தால் காரணம் எழுதிப் புகார்தாரருக்கு அனுப்ப வேண்டும். ராஜினாமா வந்தாலும் விசாரணை முடிவு வரை போக வேண்டும்.

இந்தியா இதற்குப் பக்கத்தில் ஒருமுறை வந்தது. 2010இல் கொண்டுவந்த நீதித்துறை பொறுப்புடைமை மசோதாவில் தேசிய மேற்பார்வைக் குழு, புகார்களைச் சலிக்கும் குழுக்கள், எச்சரிக்கை போன்ற சிறு தண்டனைகள் எல்லாம் இருந்தன. கூடவே பொய்ப் புகாருக்குச் சிறைத் தண்டனையும், நீதிபதிகள் விசாரணையின்போது வாய்மொழியாகச் சொல்லும் கருத்துகளுக்குக் கட்டுப்பாடும் இருந்தன. முதலாவது புகார்தாரரை மிரட்டும், இரண்டாவது நீதிபதியின் வாயைக் கட்டும் என்று இரு பக்கமும் எதிர்ப்பு. 2012இல் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் கிடந்து, 2014இல் மக்களவை கலைந்ததும் காலாவதியானது.

அதே 2014இல் நடந்த இன்னொன்றைச் சொல்லி முடிக்கிறேன். குவாலியரில் கூடுதல் மாவட்ட நீதிபதியாக இருந்த ஒரு பெண், கல்வியாண்டின் நடுவில் தொலைதூர ஊரான சீதிக்கு மாற்றப்பட்டார். மகளின் படிப்பைச் சொல்லிக் கேட்டும் பயனில்லை. ராஜினாமா செய்தார். பிறகு உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார். விசாரணை நடந்த விதம் சரியில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். உள்விசாரணை முறைப்படி நடக்கவில்லை என்று அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்றது. பின்னால் நாடாளுமன்ற வழியில், தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற நீதிபதி ஆர். பானுமதி தலைமையில் மூவர் குழு விசாரித்தது. பாலியல் புகார் நிரூபணமாகவில்லை என்று 2017இல் சொன்னது. இடமாற்றம் முறையற்றது என்றும் சொன்னது. 2022 பிப்ரவரியில், அந்த ராஜினாமா மனமுவந்து செய்ததல்ல என்று கூறி உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் அமர்த்தியது. ஒரு பக்கம் புகாருக்கு ஆளானவர் பெயரிலிருந்த கறை துடைக்கப்பட்டது. மறுபக்கம் வேலை போனவருக்கு வேலை கிடைத்தது. வெளிச்சத்தில் விசாரித்தால் இரண்டும் முடியும்.

அவருடைய வழக்கில் 2014 டிசம்பரில் வந்த தீர்ப்பின் முடிவில் ஒரு சிறிய உத்தரவு உண்டு. 1999இல் ஏற்கப்பட்ட உள்விசாரணை முறையை உச்ச நீதிமன்ற இணையதளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நீதிபதி மீது எப்படிப் புகார் விசாரிக்கப்படும் என்று சொல்லும் அந்தச் சில பக்கங்கள் எல்லோர் கண்ணிலும் படப் பதினைந்து ஆண்டு ஆயிற்று. அதற்கும் புகார்தாரராக ஒரு நீதிபதியே வர வேண்டியிருந்தது.